பூட்டியது யார் என்று சொல்லாத அறிக்கை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. தென்னாபிரிக்காவின் ஒரு சிறு ஊர் நீரேற்று நிலையத்துக்கு எங்கள் தொழிற்சாலை அனுப்பிய பம்ப், ஓடத் தொடங்கிச் சில வாரங்களில் பழுதானது.
2. அது பற்றி அங்கிருந்து ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஓர் அறிக்கை தொலைநகலில் வந்தது.
3. அதை ஆங்கிலத்தில் எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டது.
4. அறிக்கையில் என்ன பிழை என்று இருந்தது. பிழை விட்டவர் யார் என்று இல்லை.
5. என் மனேஜர் அந்த இடத்தில் ஒரு பெயரை எழுதினார்.
6. அது எங்கள் தொழிற்சாலையில் அந்தப் பம்பைப் பூட்டிய சிவா அண்ணையின் பெயர். அந்த மாதம் அவருடைய மனைவியும் மகளும் கொழும்பில் விசா நேர்முகத்துக்காகக் காத்திருந்தார்கள். விசாவுக்கு வேண்டிய, அவருக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அதே மனேஜர்தான்.

தொழில்நுட்பம் படித்துவிட்டு அலுவலகங்களில் எழுத்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். எழுத்து வேலை பாதுகாப்பான வேலை, அதில் யாருக்கும் காயம் வராது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

மொழி என்னிடம் வந்த விதம்

மிச்சம் என்ற ஆங்கிலேய ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பம்ப் தொழிற்சாலையில் நான் டெக்னிக்கல் ரைட்டர். இயந்திரத்தின் பாகங்களை எப்படிச் சேர்த்துப் பூட்டுவது, எப்படிக் கழற்றுவது, எதைத் தொடக்கூடாது என்று கையேடு எழுதும் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்னாபிரிக்காவிலிருந்து மறுபடியும் ஓர்டர்கள் வரத் தொடங்கின. பெரிய கம்பெனிகள் ஆங்கிலத்தில் எழுதின. சிறிய ஊர்களின் நகரசபைகள் ஆப்பிரிக்கான்ஸில் எழுதின.

“இதை யாராவது படிக்கப் பழக வேண்டும்” என்று ஒரு கூட்டத்தில் மனேஜர் மிஸ்டர் பெல்லிங் சொன்னார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். பொலிடெக்னிக்கில் நான் கொஞ்சம் ஜேர்மன் படித்திருந்தேன்; இது அதற்கு உறவான மொழி. கையைத் தூக்கினேன்.

நூலகத்திலிருந்து இலக்கணப் புத்தகமும் கசெட்டும் எடுத்தேன். எனக்கு எதையும் பட்டியலாகப் போட்டால்தான் தலைக்குள் ஏறும். அப்போது போட்ட பட்டியல் இது:

அ. சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் நிற்கும். முதலில் ‘நேற்று’ வந்தாலும் ‘பம்ப்’ வந்தாலும் அது தன் இடத்தை விடாது.

ஆ. வினை இரண்டு துண்டாக இருந்தால் ஒன்று இரண்டாம் இடத்தில், மற்றது வாக்கியத்தின் கடைசியில். நடுவில் எப்போது, எப்படி, எங்கே என்ற வரிசையில் மற்றவை.

இ. ‘டட்’ என்றொரு சொல் இருக்கிறது. நம்முடைய ‘என்று’ செய்யும் வேலையை அது முன்னால் நின்று செய்கிறது. அது வந்துவிட்டால் வினை முழுவதும் கடைசிக்குப் போய்விடும்.

ஈ. செயப்பாட்டு வினைக்கு இரண்டு துணைச் சொற்கள். ‘வோர்ட்’ வந்தால் இப்போது செய்யப்படுகிறது. ‘இஸ்’ வந்தால் செய்யப்பட்டுவிட்டது. ஆங்கில ‘இஸ்’ என்று நினைத்து நிகழ்காலத்தில் எழுதினால், முடிந்துபோன வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

உ. செய்தவரைச் சொல்ல வேண்டுமானால் ‘டியூர்’ என்ற சொல்லைப் போட்டுப் பெயரை எழுத வேண்டும். நமது ‘ஆல்’ போல. சொல்லாமலும் விடலாம். வாக்கியம் முழுமையாகத்தான் இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்குச் சொந்த வீடு மாதிரி இருந்தது. வினை வரும்வரை பொறுத்திருந்து கேட்பது தமிழ் பேசுகிற நமக்குப் புதிதல்ல. பக்கத்து மேசைக்காரர் அந்த வாக்கியங்களைப் பார்த்துவிட்டு, “கடைசிச் சொல் வரும்வரை இவர்கள் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?” என்று கேட்டார். எனக்கு அதில் மூச்சு முட்டவில்லை.

ஐந்தாவதை அன்று அவ்வளவாக யோசிக்கவில்லை.

சரக்கு அனுப்பும் டிஸ்பாச் பகுதியில் எஸ்மே வேலை செய்தாள். கேப் டவுன்காரி, என் வயது. ஆப்பிரிக்கான்ஸ் அவளுக்கு வீட்டு மொழி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் பாடமாக்கியதை அவளிடம் சொல்லிப் பார்ப்பேன்.

“நீ பேசுவது கோயிலில் பாதிரியார் அறிவித்தல் வாசிக்கிற மாதிரி இருக்கிறது” என்றாள் ஒருநாள்.

“புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.”

“அது ஒபிஸ் பாஷை. ஒபிஸில் யாரும் எதையும் செய்வதில்லை, கவனித்தாயா? எல்லாம் தானாகச் செய்யப்படும். எங்கள் சமையலறையில் அப்படி ஒரு வாக்கியம் சொன்னால் அம்மா கரண்டியைத் தூக்குவாள். ‘கோப்பை உடைக்கப்பட்டதா? யார் உடைத்தது?’ என்பாள்.”

நான் சிரித்தேன். எங்கள் வீட்டிலும் ‘உடைக்கப்பட்டது’ என்று யாரும் சொன்னதில்லை. ‘ஆர் உடைச்சது?’ என்பதுதான் முதல் கேள்வி.

அறிக்கை

அறிக்கை ஒரு பக்கம்தான். முக்கியமான வாக்கியங்கள் இவை:

மெக்கானிக்கல் சீல் எரிந்துபோயிருப்பது காணப்பட்டது. மூடித்தகடு பிழையாகப் பூட்டப்பட்டிருந்தது. கார்டுக்குக் கீழே ஒரு மஞ்சள் அடையாளம் காணப்பட்டது. அதன் ஒரு பாதி மூடித்தகட்டிலும் மறுபாதி பம்பின் உடம்பிலும் இருந்தது. இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பம்ப் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். மோட்டாரிலிருந்து வரும் தண்டு பம்பின் உடம்புக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் கசியாமல் தடுப்பது சீல். அதை இடத்தில் பிடித்து வைப்பது வட்டமான ஒரு மூடித்தகடு, நான்கு போல்ட்டுகளுடன். தகட்டில் ஒரு சிறு துளை உண்டு. உடம்பில் உள்ள துளைக்கு அது நேராக நின்றால்தான் சீலைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும். நேராக நிற்காவிட்டால் சீல் வறண்டு ஓடி எரிந்துவிடும். சுழலும் பகுதியை யாரும் தொடாமலிருக்க மேலே போடும் காப்புத் தகடுதான் கார்ட்.

மூலத்தில் ஓர் இடத்திலும் ‘டியூர்’ இல்லை. நானும் எழுதியவர் எழுதியபடியே, செயப்பாட்டு வினையில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மிஸ்டர் பெல்லிங்கிடம் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. எங்கள் கையேடுகளுக்கு அவர் வைத்திருந்த முதல் விதி: செயப்பாட்டு வினை கூடாது, ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்கிறவர் இருக்க வேண்டும். கையேட்டுக்கு அது நல்ல விதி. ‘போல்ட் இறுக்கப்பட வேண்டும்’ என்று எழுதினால், வேறு யாரோ வந்து இறுக்குவார் என்று பம்ப் பூட்டும் பிட்டர் தேநீர் குடிக்கப் போய்விடுவார். ‘போல்ட்டை இறுக்கு’ என்றால் இறுக்குவார். அந்த விதியால் எங்கள் கையேடுகள் நன்றாக இருந்தன. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

அதே பேனாவை அவர் இந்த அறிக்கையிலும் வைத்தார். ‘மூடித்தகடு பிழையாகப் பூட்டப்பட்டிருந்தது’ என்பதை வெட்டினார். ‘எங்கள் பிட்டர் மூடித்தகட்டைப் பிழையாகப் பூட்டினார்’ என்று மேலே எழுதினார். ஓரத்தில் பெயரையும் போட்டார்.

“அறிக்கையில் அப்படி இல்லை, மிஸ்டர் பெல்லிங்” என்றேன்.

“பூட்டப்பட்டிருந்தது என்றால் யாரோ பூட்டியிருக்க வேண்டும்தானே?”

“ஓம். ஆனால் யார் என்று அவர் சொல்லவில்லை.”

“நமது வேலைத்தாளில் பூட்டியவர் கையெழுத்து இருக்கிறது. சிவா. வேறு யார்?”

“அனுப்ப முன்னம் டெஸ்ட் பெஞ்சில் நன்றாக ஓடியதே.”

“கொஞ்ச நேரம் ஓடியது எதையும் நிரூபிக்காது. அதோடு அந்த மஞ்சள். பெயின்டோ, பசையோ, என்ன கண்றாவியோ. வரைபடத்தில் இல்லாத எதையும் பம்பில் போடக்கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.” அவர் பேனாவை மூடினார். குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது. “டிரெக்டர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். காரணம் கேட்கிறார். காரணம் என்றால் அவருக்கு ஓர் ஆள்.”

“சிவாவின் கடிதம்?”

“இதையும் எழுதிவிட்டு, அவனுக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?”

அவர் கெட்ட மனிதர் அல்ல. என்னை வேலைக்கு எடுத்தவர், தன் ஆட்களுக்காக மேலிடத்தோடு சண்டை போட்டவர். ஆனால் ஒரு வாக்கியம் காலியாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது.

கன்டீன்

சிவா அண்ணைக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் சீமெந்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். கன்டீனில் வழக்கமாகப் பகிடி விடுகிற மனிதர். என்னை ‘எழுத்தாளர்’ என்றுதான் கூப்பிடுவார். “எழுத்தாளர், இந்தச் சண்ட்விச் எப்பிடிச் சாப்பிடுறதெண்டும் ஒரு கையேடு எழுதும். முதல் படி, நம்பிக்கையைக் கைவிடுக.” அன்று அவர் தேநீரைத் தொடவில்லை.

“தங்கச்சி, அந்தப் பேப்பரில என்ன எழுதிக் கிடக்கு?”

வாசித்துக் காட்டினேன். மஞ்சள் அடையாளம் என்ற இடம் வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அப்ப அதாலதான்” என்றார்.

“எதால அண்ணை?”

சுற்றிலும் பார்த்தார். “அது பொட்டு. சந்தனம். கோயில்ல தாறதைத் தாளில மடிச்சுக்கொண்டு வந்து வைச்சிருக்கிறன். பூட்டி முடிச்ச ஒவ்வொரு பம்ப்புக்கும் கார்ட் போட முதல் ஒரு பொட்டு. ஊரில புதுச் சைக்கிள் எடுத்தாலே வைக்கிறனாங்கள். இது கடல் தாண்டிப் போற சாமான்.” குரல் இறங்கியது. “பெல்லிங் வேண்டாம் எண்டவர்தான். நான் கேக்கேல்லை. அந்தச் சந்தனம் உள்ளுக்குப் போய்ச் சீலைப் பழுதாக்கிப்போட்டுது. நான் செய்த வேலைதான். நான் போய்ச் சொல்லப்போறன்.”

“எங்க வைச்சனீங்கள்? சரியா எந்த இடத்தில?”

“மூடியில.”

“மூடியில மட்டுமா?”

“மூடியும் உடம்பும் முட்டுற இடத்தில. ரெண்டிலயும் படுற மாதிரி. ரெண்டும் சேர்ந்தால்தானே பிள்ளை அது ஒரு மெசின்.”

நான் தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தேன். சீல் உள்ளே இருக்கிறது, பொட்டு வெளியே. தடித்த இரும்பைத் தாண்டிச் சந்தனம் உள்ளே போக வழியில்லை. அதைவிட முக்கியமானது, கார்ட் போடுவது டெஸ்ட் முடிந்த பிறகுதான்; அப்படியென்றால் அவர் பொட்டு வைத்ததும் அதற்குப் பிறகுதான். வைத்தபோது அது ஒரு பொட்டு. அங்கே திறந்து பார்த்தபோது பொருந்தாத இரண்டு பாதி.

“அண்ணை, பொட்டு வைச்ச பிறகு மூடியை ஆரும் கழட்டினதே?”

“இஞ்ச ஏன் கழட்டுறாங்கள்? லாக்கர் அடிச்சுப் பெட்டியில போட்டதோட சரி.”

லாக்கர். பெயின்ட் படாத இரும்பு கப்பலில் துருப்பிடிக்காமல் இருக்க நாங்கள் அடிக்கும் நிறமில்லாத பூச்சு. சந்தனத்தின் மேலும் அது படிந்திருக்கும். அதனால்தான் அந்தப் பொட்டு அவ்வளவு தூரம் அழியாமல் போயிருக்கிறது.

“நீங்கள் போய்ப் பிழை ஒப்புக்கொள்ளக் கூடாது” என்றேன். “ஆனால் பொட்டு வைச்சதை மட்டும் சொல்லவேணும். அதைச் சொல்லாமல் என்னால ஒண்டும் காட்ட ஏலாது.”

“விதியை மீறினவன் எண்டு அதுக்கே துரத்துவார்.”

“துரத்தவும் கூடும். உங்களுக்கு நான் பொய் சொல்லமாட்டன்.”

“மகளுக்கு என்ர முகம் போட்டோவிலதான் தெரியும், தங்கச்சி” என்றார். எழும்பினார். “வாரும். ஒளிச்சு வைச்சது போதும்.”

வேர்க்ஷொப்

அனுப்பத் தயாரான இன்னொரு பம்ப் வேர்க்ஷொப்பில் நின்றது. மிஸ்டர் பெல்லிங்கை வரச்சொன்னேன். சரக்கு அனுப்புவது தன் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு எஸ்மேயும் வந்தாள்.

சிவா அண்ணை கார்டைக் கழற்றினார். மூடித்தகடும் உடம்பும் சேரும் கோட்டின்மேல், லாக்கருக்கு அடியில், ஒரு சிறிய மஞ்சள் வட்டம்.

பெல்லிங் குனிந்து பார்த்தார். “இது என்ன?”

“சந்தனம், சேர்” என்றார் சிவா அண்ணை ஆங்கிலத்தில். “பிரேயர். நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்கள். நான் வைத்தேன். எல்லாப் பம்பிலும்.”

“எல்லாவற்றிலுமா?”

“எல்லாவற்றிலும்.”

பெல்லிங் நெற்றியைத் தடவினார். நான் அவரைப் பேச விடாமல் தொடர்ந்தேன். “இப்போது சிவா நான்கு போல்ட்டையும் கழற்றப் போகிறார். பாருங்கள்.”

போல்ட்டுகள் வந்தன. நான் தகட்டைக் கால் வட்டம் திருப்பி வைத்தேன். நான்கு போல்ட் துளைகளும் ஒரே இடைவெளியில் இருந்ததால், திருப்பி வைத்த தகட்டிலும் போல்ட்டுகள் அப்படியே இறங்கின. சிவா அண்ணை இறுக்கினார். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது. பொட்டின் ஒரு பாதி உடம்பில் மேலே நின்றது. மறுபாதி தகட்டோடு பக்கத்துக்குப் போயிருந்தது.

அறிக்கையில் அடையாளம் பற்றிய கடைசி வாக்கியத்தை நான் மறுபடி வாசித்தேன். ‘இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.’

பெல்லிங் தகட்டின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். பின்பு, “குளிர்நீர்த் துளையும் இப்போது மூடியிருக்கும்” என்றார்.

“ஓம்.”

“அப்படியானால் இங்கிருந்து போன பிறகு யாரோ கழற்றித் திருப்பிப் பூட்டியிருக்கிறான்.” சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். “சரி. ‘உங்கள் ஆள் பிழையாகப் பூட்டினார்’ என்று எழுதி அனுப்பு.”

எஸ்மே சொன்னாள்: “அந்த ஊரிலும் ஒரு சிவா இருப்பான், மிஸ்டர் பெல்லிங்.”

“என்ன?”

“என் அப்பா பழத்தை டின்னில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் மெசின் துடைத்தார். எது உடைந்தாலும் அறிக்கையில் ‘டியூர்’ என்ற சொல்லுக்குப் பிறகு வருவது அவர் பெயர்தான். மேற்பார்வை செய்கிற போர்மன் கழற்றியிருந்தாலும் அவர் பெயர்தான். இதை எழுதிய மனிதன் ஒரு இடத்திலும் அந்தச் சொல்லைப் போடவில்லை. மறந்துபோய் விட்டிருப்பான் என்று நினைக்கிறீர்களா? அங்கே ஒருவனுடைய வேலையை அவன் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.”

அவள் சொன்னது ஊகம்தான். ஆனால் எங்களிடம் இருந்த மற்ற ஊகத்தைவிட அது மோசமானதாக எனக்குப் படவில்லை.

சிவா அண்ணை ஸ்பனரைத் துடைத்துக்கொண்டே என்னிடம் தமிழில் சொன்னார்: “அவனில பிழையில்லை. நாலு ஓட்டையும் ஒரே மாதிரிக் கிடந்தால் எவனும் மாறிப் பூட்டுவான். இருட்டுக்க பூட்டினால் நானும் பூட்டுவன்.”

அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். பெல்லிங் தகட்டைப் பார்த்தார், பிறகு பேனாவைப் பார்த்தார். “பிழை எங்கள் வரைபடத்தில் என்கிறான்.”

“அப்படித்தான் சொல்கிறார்.”

“அதைக் கீறியவன் நான்.”

கடைசியில் அவரே சிரித்துவிட்டார், அதிக மகிழ்ச்சி இல்லாமல். “அப்படியென்றால் எனக்கும் செயப்பாட்டு வினை கொஞ்சம் பிடிக்கத் தொடங்குகிறது” என்றார். பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

பதில்

டிரெக்டருக்குப் போன அறிக்கையை நான் எழுதினேன். ‘அனுப்பிய பின்னர் மூடித்தகடு கழற்றப்பட்டு, கால் வட்டம் திரும்பிய நிலையில் மறுபடி பூட்டப்பட்டுள்ளது. தற்போதைய வடிவமைப்பு இதைத் தடுக்கவில்லை. வடிவமைப்பு மாற்றப்படும்.’ மூன்று வாக்கியங்களிலும் ஆள் இல்லை. டிரெக்டர் ஆளைக் கேட்டார். மிஸ்டர் பெல்லிங் தொலைபேசியில், “ஆள் இல்லை, ஓட்டைதான் இருக்கிறது” என்று சொன்னதை எங்கள் அறை முழுவதும் கேட்டது.

அந்த ஊருக்கு ஆப்பிரிக்கான்ஸில் ஒரு பதிலும் எழுதினேன். எஸ்மே பக்கத்தில் இருந்து பார்த்தாள். ஒரு வாக்கியத்தில் நான் வினையை முன்னால் போட்டுவிட, அதைப் பேனாவால் கடைசிக்குத் தள்ளினாள். “இப்போதுதான் மூச்சு விடலாம்” என்றாள். புதிய தகடும் சீலும் அனுப்பப்படும் என்றும், பூட்டும்போது துளையின் திசை கவனிக்கப்பட வேண்டும் என்றும் எழுதினோம். யாரால் என்று எழுதவில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வேலை செய்யச் சொல்லும்போது ஆளைச் சொல்லுங்கள். நடந்து முடிந்ததைச் சொல்லும்போது, ஆள் யார் என்று உங்களுக்கு உண்மையில் தெரியுமா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அதை நிரப்பச் சொல்லி யாராவது அவசரப்படுத்துவார்கள். அவசரத்தில் அகப்படுவது எப்போதும் பக்கத்தில் நிற்கிறவர்தான்.

இப்போது நிலைமை இது. மூடித்தகட்டில் ஒரு போல்ட் துளை கொஞ்சம் தள்ளிப் போடப்படுகிறது. மாற்றிப் பூட்ட முடியாது. பூட்டி முடித்த மூட்டின் குறுக்கே மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட வேண்டும் என்று வரைபடத்தில் சேர்த்திருக்கிறார்கள். எல்லோரும் போடுகிறார்கள், சிவா அண்ணையும் போடுகிறார். அந்தக் கோட்டுக்கு அடியில் அவர் முதலில் என்ன வைக்கிறார் என்று மிஸ்டர் பெல்லிங் கேட்பதில்லை. எஸ்மே கேப் டவுனுக்குத் திரும்பிப் போய்விட்டாள். தென்னாபிரிக்காவிலிருந்து வரும் தாள்கள் இப்போது பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன; என் இலக்கணப் புத்தகம் அலுமாரியில் இருக்கிறது. கடிதத்தில் கையெழுத்து அந்த வாரமே போடப்பட்டது. சிவா அண்ணையின் மனைவியும் மகளும் மிச்சத்தில் அவரோடு இருக்கிறார்கள். மகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள்.